கெட்டியாகச் சொல்லாத வார்த்தை

கணக்கு வாத்தியார் விரலில் ஒட்டியிருந்த சாக்கட்டித் தூளை உதறிவிட்டு, "அஞ்சு" என்று சொன்ன கணம் எனக்கு மறக்கவில்லை. தலைமையாசிரியர் அறையில் பிரெஞ்சு அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற சரித்திர வாத்தியார் அதற்குச் சற்று முன்புதான், துளியும் யோசிக்காமல், "பத்து" என்று சொல்லியிருந்தார்.

முப்பதுகளில் புதுச்சேரியில் ஒரு பள்ளியில் நான் தமிழ் வாத்தியார்; ஊரார் வாத்தியார்களைப் பிரெஞ்சு வழக்கப்படி 'முசே' என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசி வகுப்புப் பையன்கள் படிப்பை முடித்து எந்த வேலைக்குப் போகலாம் என்று வீட்டாருக்கு யோசனை சொல்லும் பொறுப்பு அந்த இருவருக்கும் இருந்தது. அதை மேற்பார்க்க வந்த அதிகாரி, அவர்கள் சொல்லி வேலைக்குப் போன பையன்களில் எத்தனை பேர் நன்றாக இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. உங்கள் யோசனையில் உங்களுக்கே எவ்வளவு நம்பிக்கை, பத்துக்கு எவ்வளவு போட்டுக்கொள்வீர்கள் என்றுதான் கேட்டார். தன்னையே நம்பாதவன் பிறருக்கு வழிகாட்ட முடியாது என்பது அவர் கட்சி. அந்த வாரமே பொறுப்பு முழுவதும் சரித்திர வாத்தியார் கைக்குப் போனது.

கணக்கு வாத்தியார் திறமை இல்லாதவர் அல்லர். ஒரு பையனுக்கு ஆலை வேலை என்றால் ஆலை வாசலில் போய் நின்று, ஷிப்டு முடிந்து வருகிறவர்களிடம் பேசுவார். கோர்ட்டில் எழுத்தர் வேலை என்றால் அங்கே இருப்பவர்களை விசாரிப்பார். விசாரிக்க விசாரிக்க அவருக்குச் சந்தேகம்தான் கூடும். அதை மறைக்கவும் தெரியாது.

அப்போது உழவர்கரையிலிருந்து ஒரு தச்சர் குடும்பத்துப் பையன் படித்துக்கொண்டிருந்தான். மார்கழிப் பனியில் கோயில் பூசைக்கு வந்தால்கூட அவனுக்கு மூச்சிழுப்பு வந்துவிடும். சைகோன் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவன் தாய் வந்து கேட்டபோது, பொறுப்பு இன்னும் கணக்கு வாத்தியாரிடமும் இருந்தது. அங்கே காட்டுக் காய்ச்சல் என்று சிலர் சொல்கிறார்கள், போய்ப் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள், அடுத்த கப்பலில் வருகிறவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அவர் அனுப்பி வைத்தார். அந்தக் கப்பல் வருவதற்குள் அதிகாரி வந்துவிட்டார்.

அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது சரித்திர வாத்தியார்தான் பதில் சொன்னார். நல்ல வேலை, துரைமார் கவனித்துக்கொள்வார்கள், கடல் காற்றில் இழுப்பே போய்விடும் என்றார். கணக்கு வாத்தியார் அவரைத் தனியே அழைத்து, கொஞ்சம் பொறுக்கலாமே என்று கேட்டுப் பார்த்தார். சரித்திர வாத்தியார் சிரித்ததை நான் பார்த்தேன். பையன் கப்பலேறினான்.

மழைக்காலம் ஒன்று கழிந்தது. சைகோனிலிருந்து திரும்பிய ஒருவர் சேதி கொண்டுவந்தார். பையன் காய்ச்சலில் போய்விட்டான். தோட்டத்திலேயே அடக்கம் செய்துவிட்டார்களாம்.

அந்த அம்மா பள்ளிக்கு வந்தாள். நேரே சரித்திர வாத்தியாரிடம் போவாள் என்று நான் நினைத்தேன். அவரைக் கடந்துபோய் கணக்கு வாத்தியார் முன்னால் நின்றாள். அழவில்லை.

"முசே, காய்ச்சல் ஊருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. போவாதேன்னு ஒரு வார்த்தை கெட்டியாச் சொல்லியிருந்தா நான் அனுப்பியிருக்க மாட்டேன். அவரு கெட்டியாச் சொன்னாரு, அதனால நம்பிட்டேன்."

சரித்திர வாத்தியார் அவளுக்கு ஆறுதலாக, எல்லாம் ஆண்டவர் சித்தம் என்றார். அவள் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு கணக்கு வாத்தியார் மாறிப்போனார். ஆலை வாசலுக்குப் போவதில்லை, கப்பல்காரர்களை விசாரிப்பதில்லை. பழக்கத்தில் யாராவது வந்து யோசனை கேட்டால், கேட்ட மாத்திரத்தில், இதற்கு அனுப்பு, அதற்கு அனுப்பு என்று சொல்லிவிடுவார். வந்தவர்கள் மனம் குளிர்ந்து போவார்கள். அவருக்கு நல்ல பெயர் வந்தது. ஒருநாள் பெரிய மார்க்கெட் வழியாக நடந்து வரும்போது, நிஜமாகவே தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று கேட்டேன்.

"தெரியலன்னு சொன்னப்ப புள்ளயும் போச்சு, பழியும் வந்துச்சு. இப்ப பழியாவது வர்றதில்ல" என்றார்.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. பேரப்பிள்ளைகளை என்ன படிக்க வைக்கலாம் என்று என் மகன் யாரையோ போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். தெளிவாகப் பேசினார் அப்பா, துளி தயக்கமில்லை என்று சந்தோஷமாகச் சொன்னான்.