தபால் பெட்டிச் சிவப்பு

சரளாவுக்குக் கை சும்மா இருக்காது. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் அவள் குடியிருந்த மாடி வீட்டுக்கு டிவி பார்க்க யாராவது வந்துவிட்டால், அவர்கள் படம் பார்த்த மாதிரிதான். ரிமோட்டை எடுத்துக் கலரைக் கூட்டுவாள், குறைப்பாள், "எல்லாருக்கும் மஞ்சக்காமால வந்த மாதிரி கீது" என்பாள், மறுபடி கூட்டுவாள். புடவைக் கடையில் டியூப்லைட்டை நம்பமாட்டாள். புடவையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் பார்க்க வாசலுக்கு ஓடுவாள். திருடிக்கொண்டு போகிறாள் என்று கடைக்காரர் பின்னாலேயே ஓடி வந்த கதையும் உண்டு. இப்படிப்பட்டவளுக்கு நிறம் திருத்துவதே பிழைப்பாக அமைந்தது நல்லதா கெட்டதா என்று சொல்வது கஷ்டம்.

தங்கவயலில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தவள். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மாரிகுப்பம் ரயிலில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வந்தாள். அல்சூரில் ஒரு கலர் லேபில் கல்யாண ஃபோட்டோ பிரிண்ட் போட்டாள். பிறகு மஞ்சுநாத்தின் ஸ்டூடியோ. பழைய ஃபிலிம் சுருள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நிறம் போன படத்துக்கு நிறம் கொண்டுவருகிற வேலை. மேஜையில் மூன்று உருண்டைகள் பதித்த பலகை இருக்கும். ஒன்றை உருட்டினால் படத்தின் இருட்டுப் பகுதி மாறும், இன்னொன்றுக்கு வெளிச்சம் மாறும், நடு உருண்டைக்கு மனிதர்களின் முகம் மாறும். நாள் முழுக்க உருட்டிக்கொண்டே இருக்கலாம். சரளாவும் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

சுரங்கத்தை மூடியபோது அப்பா அய்யாவு ஒரு டிரங்குப் பெட்டியோடு அவளிடம் வந்து சேர்ந்தார். அம்மா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தாள். அய்யாவு சாதாரண ஆள் இல்லை. புத்த விகாரையில், கூட்டங்களில், சுவரொட்டிகளில் அவர் பேர் 'நீலக்கொடி அய்யாவு'. மீசை அரும்பின வயதிலேயே தங்கவயல் தெருவில் தலித் இயக்கத்தின் நீலக்கொடி பிடித்து ஊர்வலம் போனவர் என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். சரளா அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் யாராவது அவளை மட்டமாகப் பேசினால், "எங்க நைனா யாருன்னு தெரியுமா?" என்று கிளம்பிவிடுவாள்.

அந்தக் கதையை மறுத்துச் சொன்ன ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். சின்னப்பா. அய்யாவோடு ஒரே ஷிஃப்டில் சுரங்கத்துக்குள் இறங்கினவர், ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர். அத்திபெலேயில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் நீலக்கொடிக் கதையை எடுத்ததும், "இன்னா நீலம்? நானுந்தான் பக்கத்துல போனேன். அது தொழிலாளிங்க சங்கத்துக் கொடி, செவப்பு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். "பொய் சொல்றான்" என்று அய்யாவு பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்து போனார். அன்றோடு பேச்சு நின்றது. வேர்க்கடலை வாங்கித் தந்த சின்னப்பா மாமாவைக் கண்டால் சரளாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாவைப் பொய்யர் என்று சொன்னவரோடு என்ன பேச்சு?

இப்படி இருக்கும்போதுதான், 2006 மழைக்காலத்தில், அந்தச் சுருள் ஸ்டூடியோவுக்கு வந்தது. சுரங்கத்தில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலோ இந்திய இன்ஜினியர் அறுபதுகளில் எடுத்த படம். ஆஸ்திரேலியாவிலிருந்து அவருடைய மகள் அனுப்பியிருந்தாள். பெங்களூரில் இருக்கிற தங்கவயல்காரர்கள் ஒன்றுகூடும் ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக் காட்டப்போகிறார்கள். சுருளில் பாதி ஓர் ஊர்வலம். ஓடவிட்ட கொஞ்ச நேரத்திலேயே சரளா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். ஒல்லியாக, காது விடைத்து, கையில் கொடியோடு அப்பா நடந்து வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு கொடியோடு சின்னப்பா.

அன்று சாயங்காலம் அய்யாவிடம் சொன்னபோது அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"என் மூஞ்சி தெரியுதா?"

"மீச கூட தெரியுது நைனா."

"கொடி?"

"தெரியுது. கலர்தான் இன்னும் வரல. படமே ரோஸா கீது."

"ரோஸாவே வுட்டுடேன். இப்ப இன்னா?"

"நல்லா கீதே! அப்பறம் எனக்கு எதுக்கு சம்பளம்?"

அவர் சிரிக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டைக்கே மறுபடி இஸ்திரி போட்டார். அப்பாவுக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை என்று சரளா நினைத்துக்கொண்டாள்.

நிறம் போன ஃபிலிமுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. நீலம் போய்விடும், மஞ்சளும் போய்விடும். மிச்சம் நிற்பது ரோஸ் ஒன்றுதான். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்த துணியும் நீலமாக இருந்த துணியும் அதில் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால், நிச்சயமாக நிறம் தெரிந்த ஏதாவது ஒரு பொருளைப் படத்துக்குள் தேடிப் பிடித்து, அதை அதன் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஃபிலிமில் ஒட்டிக்கொண்டிருக்கிற துளி நிறத்தை வைத்து மற்றவையும் தானாகப் பின்னால் வரும். இந்தப் படத்தில் அவளுக்குக் கிடைத்தது தெருமுனைத் தபால் பெட்டி.

உருண்டையை மெல்ல உருட்டினாள். தபால் பெட்டி ரோஸிலிருந்து சிவப்புக்கு வந்தது. வானம் வெளுத்து நீலமானது. வேப்பமரம் பச்சையானது. ஒரு பெண்ணின் புடவை அழகான நீலமாக வந்தது. கொடிகள் மட்டும் அந்தப் புடவையோடு போகவில்லை. தபால் பெட்டியோடு சேர்ந்து, ஒன்று பாக்கியில்லாமல், சிவந்தன.

சரளா எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தாள். கொடி சிவப்பாகவே இருந்தது. மானிட்டர்மேல் சந்தேகப்பட்டு அதை முதலிலிருந்து சரிபார்த்தாள். நாற்காலியை ஏற்றினாள், இறக்கினாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேப்பமரத்திலிருந்து ஆரம்பித்தாள். பிறகு வானத்திலிருந்து ஆரம்பித்தாள். எங்கே ஆரம்பித்தாலும் அப்பா சிவப்புக்கொடியைத்தான் பிடித்துக்கொண்டு வந்தார். சின்னப்பா மாமா உண்மையைச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைய ஜனம் இருக்கும், சின்னப்பாவும் வருவார். எல்லார் முன்னாலும் நீலக்கொடி அய்யாவு பொய்க்கொடி அய்யாவு ஆகிவிடுவார். பிற்பாடு அவர் பிடித்த நீலக்கொடியில் பொய் இல்லை. இரவுப் பள்ளி நடத்தினார், அடி வாங்கினார், ஜெயிலுக்கும் போனார். அது ஒன்றும் அன்றைக்கு எடுபடாது.

ஒரே ஒரு கொடிதானே என்றுதான் ஆரம்பித்தாள். கொடியைச் சுற்றிக் கம்ப்யூட்டரில் ஒரு கோடு போட்டு, அதற்குள் மட்டும் நிறத்தை மாற்றலாம். கொடி அசைகிறபடியெல்லாம் கோடும் அசைய வேண்டும். அரை நாள் பிடித்தது. ஓட்டிப் பார்த்தால், அத்தனை சிவப்புக் கொடிக்கு நடுவே ஒரு நீலக்கொடி, வழி தவறி வந்தது போல அசடு வழிந்தது. சரி, பக்கத்தில் போகும் சின்னப்பாவின் கொடியையும் மாற்றினாள். இப்போது இரண்டு அசடு. கடைசியில் வெறுத்துப்போய், மொத்த ஊர்வலத்திலும் இருக்கிற சிவப்பையெல்லாம் நீலமாக்கு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டாள். தபால் பெட்டியும் நீலமாகிவிட்டது. அதைத் தனியாகப் பிடித்துச் சிவப்பாக்கினாள். யாரோ ஒருத்தியின் ரவிக்கை நீலமானது. அது போகட்டும் என்று விட்டாள்.

மஞ்சுநாத் பின்னால் வந்து நின்றார். "சரளா, ஆய்த்தா, முடிஞ்சுதா? கிளையண்ட் போன் மேல போன்." திரையைப் பார்த்தார். "கொடி எல்லாம் நீலமா? கரெக்டா?"

"நீலந்தான் சார்."

"நீ அந்த ஊர்க்காரி. உனக்குத் தெரியாததா," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வீட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "நீலம் நல்லா வந்துடுச்சு நைனா."

அய்யாவு நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தார். "நீலமாவா?"

"ஆமா."

"ஓ," என்றார். தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார். சரளாவுக்குக் கோபம் வந்தது. இந்த மனுஷனுக்காக இவ்வளவு செய்தால் ஒரு சிரிப்புக்குக்கூடவா பஞ்சம்?

ஞாயிற்றுக்கிழமை, அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. திரைச்சீலையெல்லாம் இழுத்துவிட்டு இருட்டாக்கியிருந்தார்கள். முன்வரிசையின் ஒரு கோடியில் இரண்டு தடவை இஸ்திரி போட்ட சட்டையோடு அய்யாவு. மறுகோடியில் சின்னப்பா. கண் புரை ஆபரேஷன் செய்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். சரளா பின்னால் புரொஜெக்டர் அருகில் நின்றாள். உட்கார முடியவில்லை.

படம் ஓடியது. ஜனங்கள் தெருவைப் பார்த்ததும் பேர் சொல்லிக் கத்தினார்கள். அய்யாவு திரையில் வந்ததும் "நீலக்கொடி அய்யாவு!" என்று ஒரு குரல் எழும்ப, மண்டபமே கை தட்டியது. சின்னப்பா கண்ணாடியைக் கழற்றி, வேட்டி முனையால் துடைத்து, மாட்டிக்கொண்டார். திரையில் தன் கையில் இருந்த கொடியைப் பார்த்தார். மறுபடி கழற்றினார். சரளாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

அதனால் சுருளின் கடைசித் துண்டை அவள் கவனிக்கவில்லை. அதில் ஊர்வலம் தெருமுனை திரும்பிப் போகிறது, தபால் பெட்டி எதிர்ப்பக்கத்திலிருந்து தெரிகிறது. அந்த இடத்தில் அதைச் சிவப்பாக்க அவள் மறந்திருந்தாள். மண்டபத்தில் யாரோ களுக்கென்று சிரித்தபோதுதான் நிமிர்ந்தாள். தபால் பெட்டி பளிச்சென்று நீலமாக நின்றுகொண்டிருந்தது.

சின்னப்பா எழுந்து நின்றுவிட்டார். "நிறுத்துங்கப்பா... தபால் பொட்டி நீலமா தெரியுது." குரல் உடைந்தது. "கொடியும் நீலமா தெரிஞ்சுது, சரி நமக்குத்தான் மறதின்னு நெனச்சேன். இது கண்ணுதான். ஆபரேசன் பண்ண கண்ணு போயிடுச்சு." இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு வரிசையில் தடவினார். "அய்யாவு, எங்கடா கீற? எனக்கு கண்ணு போயிடுச்சுடா."

அத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து அந்தப் பேர் வந்தது. அய்யாவு நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடினார். நீட்டிய கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"போவலடா. உன் கண்ணு நல்லா கீது. பொட்டி செவப்புதான்."

"நீலமா தெரியுதே?"

"அது படத்துல மாத்தனது. கொடியும் செவப்புதான். உன்னுது செவப்பு, என்னுது செவப்பு, எல்லாருதும் செவப்பு. நீ சொன்னதுதான் நெசம்." அய்யாவு எல்லாரையும் பார்த்துத் திரும்பினார். "எப்பவோ ஒரு கூட்டத்துல மைக்ல எவனோ, சின்ன வயசுலயே நீலக்கொடி புடிச்சவருன்னு சொன்னான். எல்லாரும் கை தட்டுனீங்க. நான் இல்லன்னு சொல்லல. அவ்ளோதான்."

சின்னப்பாவுக்கு அந்தப் பேச்சு எதுவும் காதில் ஏறின மாதிரி தெரியவில்லை.

"அப்ப கண்ணு போவலயா?"

"போவல."

"அப்பாடா, அது போதும்." தொப்பென்று உட்கார்ந்தார். கொஞ்சம் பொறுத்துத்தான் அவருக்குக் கோபம் வந்தது. "திருட்டுப் பயலே, அன்னிக்கி எலையில பிரியாணிய போட்டுட்டு எழுந்து போனியே!" அய்யாவு அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

திரும்பி வருகிற ஆட்டோவில் சரளா அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் உன்ன மாத்தச் சொன்னனா?" என்றார் அய்யாவு.

"சொல்லல."

"நீலமா வந்துச்சுன்னியே, அன்னிக்கிலேருந்து எனக்கு சோறு எறங்கல. என் பொய்ய நான் செமந்தாச்சு. அத உன் தலையிலயும் ஏத்திட்டனேன்னு." ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "நாளைக்கி போனதும் என் கொடிய மொதல்ல மாத்து."

மஞ்சுநாத்திடம் உண்மையைச் சொன்னாள். அவர் தமிழிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றித் திட்டினார். நீ அந்த ஊர்க்காரி என்று நம்பினேனே என்றார். சுருளைச் சரியாக முடித்துக் கொடுத்த பிறகுதான் வேலை இருக்கிறதா இல்லையா என்று சொல்வாராம். அவள் தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் பழையபடி ஆக்க முடியும். ஆனால் தன் கொடியை முதலில் மாற்று என்றல்லவா அப்பா சொன்னார். கொடியைச் சுற்றிக் கோடு போட்டாள், அது அசைகிறபடியெல்லாம் அசைத்தாள், உருண்டையை உருட்டினாள். முழுக்க நீலமாகப் போய்க்கொண்டிருந்த ஊர்வலத்தின் நடுவே, காது விடைத்த ஒல்லிப் பையன் தன்னந்தனியாகச் சிவப்புக்கொடியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தான்.

சரளா உருண்டையிலிருந்து கையை எடுத்தாள். இந்தத் தனிக்கொடி அசடு வழியவில்லை. அடுத்த கொடிக்கு அவள் உடனே போகவில்லை.