மாதிரி போதாது

என் கழுத்தில் இருந்த கட்டியை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை. எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டரம்மா. "எச்சில் முழுங்குங்க" என்றார். முழுங்கினேன். "இன்னொரு வாட்டி" என்றார். அதற்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. தைராய்டில் கட்டி, ஊசிப் பரிசோதனை செய்துவிடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் சொன்னதும் உத்தனப்பள்ளியிலிருந்து நாத்தனார் போன் போட்டுவிட்டார். "கட்டியில ஊசி படக் கூடாது. பட்டா ஒண்ணு பத்தாப் பரவிடும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பரவறதா இருந்தா குத்தாமலே பரவும் அண்ணி" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனாலும் உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான்.

ஓசூரில் ஒரு மருத்துவமனையில் தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொன்னார்கள். முழுங்கக் கூடாது, பேசக் கூடாது. என்னைப் பேசாதே என்று சொல்வதைவிடக் கஷ்டமான காரியம் உலகத்தில் உண்டா? ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது. உள்ளே போய் நாலைந்து தடவை முன்னும் பின்னும் அசைந்தது. எடுத்ததைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து வைத்தார்கள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்கா இத்தனை நாள் தூங்காமல் கிடந்தேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

ரிப்போர்ட்டை வாங்கி வந்தவர் என் வீட்டுக்காரர். வேறொரு கம்பெனியில் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். முதல் வரியைப் படித்தார்: புற்றணுக்கள் காணப்படவில்லை. அவ்வளவுதான், மனுஷன் மைசூர்பாகு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டார்.

நான் இரண்டாவது வரியையும் படித்தேன். பரிசோதனைக்குப் போதுமான செல்கள் கிடைக்கவில்லை, மாதிரி போதாது.

பதினேழு வருஷமாக நான் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். வரும் சரக்கில் சரியானதுக்குப் பச்சைச் சீட்டு, கழித்ததுக்குச் சிவப்பு, இன்னும் பார்த்து முடிக்காததுக்கு மஞ்சள். மஞ்சள் ஒட்டினால் பெட்டி நகரக் கூடாது. ஆனால் மாசக் கடைசியில் வாசலில் லாரி நிற்கும்போது டெஸ்பாட்ச்காரர்கள் கண்ணுக்கு மஞ்சள் பச்சையாகத்தான் தெரியும். அவர்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. இப்போது என் வீட்டுக்காரரே என் கழுத்தை அப்படி அனுப்பப் பார்க்கிறார்.

"இது மஞ்சள் சீட்டுங்க" என்றேன்.

"அதான் இல்லைன்னு எழுதியிருக்கானே. நல்ல சேதிய ஏன் நோண்டற?"

"இல்லைன்னு எழுதல. பாக்க முடியலன்னு எழுதியிருக்கு. லாரியில ஏத்தி அனுப்பறதுக்கு நான் என்ன சரக்கா?"

மூன்று நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று இருந்தேன். மறுபடி ஊசி போட டாக்டர் சொன்ன இடைவெளி முடிந்ததும் லீவு போட்டுவிட்டுக் கிருஷ்ணகிரிக்குத் தனியாக பஸ் ஏறினேன். ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே ஊசி போடும் டாக்டர் அங்கே இருந்தார். "ஸ்வல்ப பொறுங்கம்மா, ஆயிடுச்சு" என்று கன்னடமும் தமிழும் கலந்து சொல்லிக்கொண்டே கட்டியின் நடுவிலேயே ஊசியை இறக்கினார். ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட் வாங்கவும் நானே தனியாகப் போனேன். இந்த முறை மாதிரி போதுமானதாக இருந்தது.

புற்றுதான். சின்னது, ஆரம்பம்.

பயந்தேனா? பயந்தேன். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். சூளகிரி தாண்டுவதற்குள் அழுகை நின்று ஒரு திமிர் வந்துவிட்டது. ஒளிந்துகொண்டிருந்ததை நான் பிடித்துவிட்டேன், யார் பேச்சையும் கேட்காமல் பிடித்துவிட்டேன் என்கிற திமிர். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

அடுத்த மாதம் ஆபரேஷன். முழுதாக எடுத்தாகிவிட்டது, வேறெங்கும் பரவவில்லை என்று சர்ஜன் வந்து சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு எம்பேச்சைக் கேட்டிருந்தா?" என்றார் மெதுவாக.

எனக்கு இன்னும் குரல் சரியாக வரவில்லை. "கேட்டிருந்தா கொஞ்ச நாள் சந்தோஷமா இருந்திருப்போம்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சிரித்தேன். தையல் இழுத்தது, இழுக்கட்டும் என்று சிரித்தேன்.