மோரில் கரைத்த பெருங்காயம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஏரித் தண்ணீர் திறந்து நடவு நடந்துகொண்டிருந்த சமயம். உத்திரமேரூரை ஒட்டிய ஊரில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய நான்கு வயது மகளைத் தூக்கினால் கையில் கனமே தெரியவில்லை. கை கால் குச்சியாக, வயிறு மட்டும் உப்பலாக இருந்தது. மாதக்கணக்கில் வயிற்றுப்போக்காம். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்து, பாலை நிறுத்தி, தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தும் கேட்கவில்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் போவதற்குக் கிருமி, பால், கணையக் கோளாறு என்று பல காரணங்கள் உண்டு, சில குழந்தைகளுக்குக் கோதுமையும் ஆகாது என்றார். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நெல்லு வெளையற ஊரு சார். கோதுமைய நாங்க எங்க கண்டோம்?"

மருத்துவர் விடாமல் கேட்கக் கேட்க வெளியே வந்தது. வயிறு சரியில்லாத நாளெல்லாம் சோற்றை நிறுத்திவிட்டு பிரெட், ரஸ்க், பிஸ்கட். எல்லாமே கோதுமை மாவு. எங்கள் பக்கத்தில் அதுதான் பத்தியம்.

பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் நோய் பிடிபடாமல் போகலாம் என்றார். சந்தேகப்பட்டதையே ஊட்டிக்கொண்டு காத்திருந்தோம். ரத்தப் பரிசோதனையும், சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்த்ததும் உறுதி செய்தன. கோதுமையில் உள்ள ஒரு புரதம் அவள் குடலைக் கெடுத்திருந்தது.

நிறுத்தினோம். எடை ஏறியது. பிறகு அப்படியே நின்றுவிட்டது, உப்பலும் வடியவில்லை. இப்படியே போனால் வளர்த்தி தடைபடும் என்ற மருத்துவர், அவள் சாப்பிடும் அத்தனையையும் எடுத்துவரச் சொன்னார். அண்ணி ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, வயிறு உப்பினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"பெருங்காயத் தூள மோர்ல கரைச்சி குடுப்பேன் சார். தெனிக்கும் குடுத்துக்கினுதான் கீறேன்."

"அதை ஏம்மா கொண்டுவரல?"

"அது மருந்தாச்சே சார். தீனியா இன்னா?"

கடையில் வாங்கும் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும், மைதாவும் கோதுமைதான் என்றார் அவர். ஊர் திரும்பியதும் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். மைதா என்று பொடி எழுத்தில் இருந்தது. அன்றோடு அதையும் நிறுத்தினோம்.

இப்போது அவளைத் தூக்கினால் கை வலிக்கிறது. யாராவது "வேறெதுவும் கொடுக்கவில்லை" என்று சொன்னால், சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காமல் அவர்கள் விட்டது எது என்றுதான் இன்றும் என் மனம் முதலில் தேடுகிறது.