அறுப்பு மிஷின் நெருங்கிய நாட்கள்

கட்டுமான மேலாண்மை வகுப்பில் நாங்கள் இரண்டே பெண்கள். ஆனால் கல்லூரி விளம்பரப் பலகையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு எங்கள் முகங்கள்தான் பெரிதாகச் சிரித்தன.

பயிற்சிக்குக் குடவாசல் பக்கம் வயல்களுக்கு நடுவே எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. கலவை சுமக்கும் பெண்கள் எங்களையும் வரப்போரம் கூட்டிப்போனார்கள். உட்கார்ந்தால் ஆளை மறைக்கும் உயரத்துக்குச் சம்பா வளர்ந்திருந்தது.

தை பிறந்தது. கதிர் பழுத்துச் சாய்ந்தது.

"அறுத்துட்டா என்னக்கா பண்ணுவீங்க?" என்று அவர்களில் ஒருவரிடம் கேட்டேன்.

"தண்ணி குடிக்க மாட்டோம்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

மறுநாளே தூரத்தில் அறுப்பு மிஷின் சத்தம் கேட்டது. ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் நெருங்கி வந்தது. எங்கள் பேராசிரியரிடம் சொன்னோம்.

"சைட்டுன்னா அப்படித்தாம்மா. அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றார். அவருக்கென்ன, சுவரோரம் ஒதுங்கிவிட்டு வந்துவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாடியிலிருந்து பார்த்தபோது நாலு பக்கமும் அறுத்த நெல்லின் அடித்தாள்தான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற தோழியின் உதடு வெடித்திருந்தது. திங்கட்கிழமை அவள் வரவில்லை. வேறு படிப்புக்கு மாறிவிட்டாள்.

"பொண்ணுங்களுக்கு இதுல ஆர்வம் நிக்க மாட்டேங்குது" என்று பேராசிரியர் வகுப்பில் வருத்தப்பட்டார்.

அடுத்த வாரம் புதிய விளம்பரப் பலகைக்கு என்னைப் படமெடுக்க அதே கட்டடத்துக்கு ஒருவர் வந்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் நின்றேன்.

"முகம் வாடிக் கிடக்கு மேடம். கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு சிரிங்க" என்று பாட்டிலை நீட்டினார்.

பயிற்சி முடிய மாலை ஐந்தாகும். அப்போது மணி பத்துதான் ஆகியிருந்தது.