மூன்றாவது நாற்காலி

பாரிசின் லா ஷப்பல் பகுதியில் நான் கோப்பை கழுவிய தேநீர்க் கடைக்குப் புதுச்சேரிக் கிழவர் ஒருவர் வருவார். கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரர் நடத்திய பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவராம். ஒரு தேநீருக்கு இரண்டு நாற்காலிகள் பிடிப்பார்.

ஒன்றில் உட்கார்ந்து, "குடியானவன் வரிப்பணத்துல பாரிசு மாதிரி பட்டமா? முதல்ல அவன் ஊர்ல பள்ளிக்கூடம் கட்டுங்க!" என்று மேசையைத் தட்டுவார். உடனே எழுந்து எதிர் நாற்காலிக்குப் போவார். "பட்டம் தராத பல்கலைக்கழகம் எதுக்கு? பணத்தைப் பாரிசு குடுக்கட்டும்!"

அந்தப் பல்கலைக்கழக நிர்வாகசபையில் அந்தக் காலத்தில் நடந்த சண்டையாம்; இரண்டு பக்கத்தையும் அவரே பேசிக் காட்டுவார். யாழ்ப்பாணத்தில் படிப்பைப் பாதியில் விட்டு வந்த எனக்கு இரண்டு பேச்சுமே நியாயமாகப் பட்டன. அதுதான் குழப்பம். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஐயா, நீங்கள் எந்தப் பக்கம் நிண்டனீங்கள்?"

நாற்காலி மாறப் போனவர் நடுவில் நின்றுவிட்டார்.

"நானா? கதவோரம் நின்னு காப்பி குடுத்தவன் தம்பி. என்னை யாரு கேட்டாங்க?"

மறுநாள் அவர் வருமுன் அந்த மேசையில் அவருக்கென்றே மூன்றாவதாக ஒரு நாற்காலி போட்டு வைத்தேன். வந்தார், மூன்றையும் பார்த்தார். தேநீரை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார். அது கோபமா, மரியாதையா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.