பட்டு மாடியின் கோடு

அண்ணாச்சியின் கைப்பேசித் திரையில் மாடிக்கு ஒன்றாகக் கோடுகள் ஓடும். தி. நகரில் இருந்த அவருடைய துணிக்கடைக்கு ஏ.சி. பராமரிப்பு எங்களுடையது. கூரையில் நாங்கள் பொருத்திய சென்சார்கள் அந்தந்த மாடியின் வெப்பத்தை அளந்து, ஏ.சி.யைத் தேவைக்கேற்பக் கூட்டும், குறைக்கும். ஆட்கள் சேர்ந்தால் வெப்பம் சற்று ஏறும், ஏ.சி. வேகமெடுத்து அதை இறக்கும். அந்த ஏற்ற இறக்கம் திரையில் அலையாகத் தெரியும். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக வைத்தது. அவர் அதை வேறொன்றுக்கு வைத்துக்கொண்டார்.

பக்கவாதம் வந்தபின் ஆழ்வார்பேட்டை வீட்டை விட்டு அவரால் வெளியே வர முடியவில்லை. இளம் வயதில் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து, விடிந்தால் கடை என்று வாழ்ந்தவர். இப்போது கடையை மகன் பார்த்துக்கொண்டார். கடைக்குப் போகும் நாட்களில் நான் அண்ணாச்சியையும் பார்த்துவிட்டு வருவேன். கட்டிலில் சாய்ந்தபடி, செயல்படும் ஒரே கையால் திரையை நகர்த்திக்கொண்டே, முதல் மாடியில் கல்யாண வீட்டார் இறங்கியிருக்கிறார்கள் என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

மூன்றாம் மாடி பட்டுச் சேலைக்கானது. கடைக்குப் பெயர் வாங்கித் தந்ததே அந்த மாடிதான். சில காலமாக அங்கே வியாபாரம் படுத்துவிட்டது. அதை எடுத்துவிட்டுக் குழந்தைகள் துணி வைக்க மகன் முடிவு செய்தார். ஆனால் அப்பாவிடம் சொல்லப் பயம். அவருக்கு அதிர்ச்சி எதுவும் தரக் கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மகன் என்னைத் தனியாக அழைத்து, மாடியை மூடியபின்னும் பழைய அலையையே அப்பாவின் போனில் ஓடவிட முடியுமா என்று கேட்டார். எளிதாகச் செய்துவிடலாம். நான் மாட்டேன் என்றேன். அந்தக் கடையின் வேலை அதோடு போய்விடும் என்றே நினைத்தேன். அவர், “அப்ப அப்பாகிட்ட சொல்ல நீங்களும் கூட வாங்க சார்” என்றார்.

மகன் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிக்கும்வரை அண்ணாச்சி குறுக்கிடவில்லை.

“கோடு அசையாம கெடக்கும்போதே தெரியும்லா,” என்றார் பிறகு. “நீ எப்ப வந்து சொல்லுவன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அங்கே வேலை செய்யும் பெண்களை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். அதே மாடியில்தான் இருப்பார்கள் என்றார் மகன். அண்ணாச்சி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மாடியில் மராமத்து நடந்த வாரங்களில் அவர் போனைத் தொடவே இல்லை என்று வீட்டில் சொன்னார்கள்.

தீபாவளிக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அவரே போனைக் கேட்டு வாங்கினார். குழந்தைகள் துணிக்கு மாறிய மூன்றாம் மாடியின் கோடு ஏறிக்கொண்டிருந்தது. முன்பு எப்போதும் இல்லாத உயரம். நெடுநேரம் பார்த்திருந்தார்.

“சின்னப் புள்ளைகளுக்கு வேர்த்துப் போயிரும் தம்பி. கொஞ்சம் குளிரக் கூட்டி வைக்கச் சொல்லுங்க.”

அது தானாகவே கூட்டிக்கொள்ளும் அண்ணாச்சி என்றேன்.

“தெரியும். சொல்லணும்போல இருந்துச்சு.”