கவிழ்ந்து கிடந்த அட்டை

காலை ஏழரை மணிக்கு ஆம்பூரிலிருந்து கிளம்பினோம். வேலூர் ஐம்பது கிலோமீட்டர். காரை நான் ஓட்டினேன். பக்கத்தில் என் கணவர் ஸ்டீபன். ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருபது வருஷம் நின்றே வேலை பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் சர்க்கரைப் புண் முற்றி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அது ஊருக்கே தெரியும். ஆனால் அந்தக் காலைப் பார்த்தது டாக்டர்களும் நானும்தான். செயற்கைக் காலின் மேல் எப்போதும் பேன்ட் போட்டிருப்பார். இப்போது சர்க்கரை கண்ணையும் பிடித்துவிட்டதா என்று பார்க்கத்தான் போகிறோம்.

மாதனூர் வரை தோல் ஆலைகளின் வாடை கூடவே வந்தது. பாலாற்றில் மணலும் முள்செடியும்தான். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் பத்து நிமிஷம் நின்றோம்.

எட்டே முக்காலுக்கு வேலூர். அந்தத் தனியார் கண் மருத்துவமனையில் மாற்றுத்திறனாளிகள் வண்டி நிறுத்த ஒரே ஒரு இடம். அங்கே நிறுத்தினேன். அவருடைய போட்டோவும் ஊனத்தின் சதவீதமும் அச்சிட்ட அனுமதி அட்டையை முன் கண்ணாடியில் வெளியே தெரியும்படி வைத்துவிட்டு, டோக்கன் வாங்கப் போனேன். திரும்பி வந்து, காரிலேயே இருந்த அவரை உள்ளே கூட்டிப்போனேன்.

பத்தரைக்கு அவர் கண்ணில் மருந்து விட்டார்கள். அப்போது ஒலிபெருக்கியில் எங்கள் கார் நம்பரைச் சொன்னார்கள். ஓடினேன். முன் சக்கரத்தில் பூட்டு. சுற்றிலும் கூட்டம்.

"இன்னா மேடம், படிச்சவங்க நீங்களே இப்டி பண்ணலாமா? அட்டை இல்லாம இங்க வண்டி வுடக்கூடாது" என்றார் காவலாளி.

"இருக்குங்க. நான் நேராத்தான் வெச்சேன்."

பார்த்தேன். அட்டை குப்புறக் கிடந்தது. வெறும் வெள்ளை.

சக்கர நாற்காலியில் தாயை வைத்திருந்த ஒருவர் கத்தினார்: "பேர்ணாம்பட்டுலேந்து வர்றோம். அரை மணி நேரமா அம்மா வெயில்ல இருக்காங்க. அடுத்தவங்க அட்டைய வெச்சு வண்டி வுடறவங்க ஜாஸ்தி ஆய்ட்டாங்க!"

அட்டையை எடுத்துக் காட்டினேன். "போட்டோல இருக்கறவர் எங்க?" என்றார் காவலாளி.

சுவரைப் பிடித்தபடி அவரே வந்துகொண்டிருந்தார்.

"நல்லாத்தான நடக்கறாரு?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"யாரோ அட்டையத் திருப்பியிருக்காங்க" என்று நான் கத்தினேன்.

"நான்தான் திருப்பினேன், லில்லி" என்றார் அவர். "போறவன் வர்றவன்லாம் எட்டிப் பாத்து எத்தன பர்சென்ட்னு படிக்கறான்."

பிறகு காரில் சாய்ந்துகொண்டு, பேன்ட்டை முழங்கால் வரை மெதுவாகச் சுருட்டினார்.

பேர்ணாம்பட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சுருண்ணே." காவலாளி பூட்டைக் கழற்றினார்.

"வண்டிய எடு. அவங்கம்மா வரட்டும்" என்றார் என் கணவர். தெருக்கோடியில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

சர்க்கரை கண்ணைப் பிடித்துவிட்டதாம். மாதம் ஒரு ஊசி; மாதாமாதம் இதே பயணம். ஒரு மணிக்கு, கண் கூசத் தெருக்கோடி வரை நடந்து வந்து ஏறினார்.

பள்ளிகொண்டா தாண்டியதும் கேட்டார்.

"கண்ணுல மருந்து. ஒண்ணும் தெரியல. எத்தன பேர் இருந்தாங்க?"

"மூணு பேருதாங்க."

"தெரிஞ்சவங்க?"

"யாருமில்ல."

முப்பது பேராவது இருந்திருப்பார்கள். எங்கள் சர்ச்சில் பாட்டுப் பாடும் பெண்ணும் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் எங்களைப் பார்த்துத் தலையசைப்பாள். அதற்குள் இன்று நடந்தது ஆம்பூரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ.

"மூணு பேர்தானா" என்று சொல்லிக்கொண்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.